வலைமுன் நின்றவர்கள்: கனடாவில் ஒரு பனிக்காலப் பயணம்

திங்கள், டொராண்டோ

யங் தெருவும் ஃப்ரன்ட் தெருவும் சந்திக்கும் முனையில் 1885-இல் கட்டிய பழைய வங்கிக் கட்டிடம் ஒன்று நிற்கிறது. கல்லில் செதுக்கிய முகப்பு, உள்ளே உயரத்தில் வண்ணக் கண்ணாடிக் குவிமாடம். பேங்க் ஆஃப் மான்ட்ரியலின் கிளையாக இருந்த இந்தக் கட்டிடம் 1993 முதல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம், ஐஸ் ஹாக்கியின் பெரிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துப் போற்றும் அருங்காட்சியகம். பக்கத்து வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த ஆட்டத்தின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையோடு படம் எடுத்துக்கொள்ள வருகிறார்கள். நான் வந்தது கோல்கீப்பர்களுக்காக.

ஐஸ் ஹாக்கி அறியாதவர்களுக்குச் சில வரிகள். பந்துக்குப் பதிலாக பக் என்ற கெட்டி ரப்பர் வட்டு. விட்டம் மூன்று அங்குலம், தடிப்பு ஓர் அங்குலம், எடை சுமார் 160 கிராம். துள்ளாமல் இருப்பதற்காக அதை உறைய வைத்துத்தான் ஆட்டத்துக்கு எடுக்கிறார்கள். நல்ல ஆட்டக்காரர் ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும். ஆறடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள வலையின் முன்னால் நின்று அதைத் தடுப்பவர் கோல்கீப்பர். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக் தொடங்கியது 1917-இல். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஒன்றிரண்டு பேரைத் தவிர அத்தனை கோல்கீப்பர்களும் வெறும் முகத்தோடுதான் நின்றார்கள்.

முகக்கவசங்கள் இருக்கும் பகுதியில் வெகுநேரம் நின்றேன். ஆரம்ப காலத்துக் கவசங்கள் தோல் நிறத்தில் இருக்கின்றன. முகத்தோடு ஒட்டிக் கிடக்கும் ஃபைபர்கிளாஸ் தகடு, கண்களுக்கு இரண்டு துளை, வாய்க்கு ஒரு பிளவு. முகத்துக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. பக் வந்து மோதினால் தோல் கிழியாது, ஆனால் அடியின் விசை முழுவதும் எலும்புக்குப் போய்ச் சேரும். இதைக்கூட அணியக் கூடாது என்று தடுத்த பயிற்சியாளர்கள் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பாஸ்டன் அணியின் ஜெர்ரி சீவர்ஸ் அணிந்த கவசத்தின் பாணி எல்லோருக்கும் தெரிந்தது: வெள்ளைத் தகடு முழுக்கக் கறுப்பு மையில் தையல் கோடுகள். ஒருநாள் பயிற்சியில் பக் கவசத்தில் பட்டுவிட்டுப் போனது. அணியின் உதவியாளர், அந்தக் கவசம் இல்லாதிருந்தால் எங்கே தையல் போட்டிருப்பார்களோ அங்கே பேனாவால் வரைந்தார். பிறகு ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு சேர்ந்தது. இன்று கவசங்களில் காணும் புலியும் கழுகும் தீப்பிழம்பும் அந்த ஓவிய வழக்கத்திலிருந்து வளர்ந்தவைதான். ஆனால் வண்ண ஓவியம் எதுவும் சீவர்ஸின் கோடுகள் அளவுக்கு என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. அவை அலங்காரம் அல்ல, கணக்கு.

அந்தக் கணக்கைத் தன் முகத்திலேயே சுமந்தவர் டெரி சாச்சக். வினிபெக்கில் பிறந்தவர். சிறுவயதில் முழங்கை நழுவியதை வீட்டில் சொல்லாமல் மறைத்துவிட்டதால் வலது கை வளைந்தே போனது. அந்தக் கையோடு 103 ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு கோல்கூட விடாமல் ஆடியிருக்கிறார். அந்தச் சாதனையை மார்ட்டின் ப்ரோடர் முறியடித்தது 2009 டிசம்பரில். 1966-இல் லைஃப் பத்திரிகை சாச்சக்கின் முகத்தைப் படமெடுத்து வெளியிட்டது. அவர் வாங்கிய தையல்களையெல்லாம் ஒப்பனைக் கலைஞர் ஒருவர் ஒரே நேரத்தில் அந்த முகத்தில் வரைந்து காட்டியிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

க்ளென் ஹால் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1955 முதல் 1962 வரை தொடர்ச்சியாக 502 லீக் ஆட்டங்கள், அத்தனையும் முகக்கவசம் இல்லாமல். ஆட்டத்துக்கு முன் அவர் வாந்தி எடுப்பது வழக்கம். அச்சத்தால் என்று சிலர் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. உடம்பு அத்தனை எச்சரித்தும் ஏழு ஆண்டுகள் ஒரு ஆட்டத்தையும் தவறவிடாதவரை எந்தக் கணக்கில் கோழை என்பது?

செவ்வாய், டொராண்டோ

சர்ச் தெருவும் கார்ல்டன் தெருவும் சேரும் இடத்தில், 1931-இல் திறந்த மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் இருக்கிறது. வெளிச்சுவர் அப்படியே நிற்கிறது. கீழ்த்தளம் இப்போது பல்பொருள் அங்காடி. பழைய நீல இருக்கைகளை அடுக்கி, சுவரில் பிரம்மாண்டமான மேப்பிள் இலை ஒன்றை அமைத்திருக்கிறார்கள். 25-ஆம் வரிசையில் தரையில் ஒரு சிவப்பு வட்டம். பழைய ஆடுகளத்தின் நடுப்புள்ளி அதுதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் என்னைக் கண்டதும் ஒதுங்கி நின்று, படம் எடுத்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, “பவர் இந்தப் பக்கம்தான் நிற்பார்” என்று பால் பொருட்கள் இருந்த திசையைக் காட்டினார்.

அவர் சொன்னது ஜானி பவரை. 1967-இல் டொராண்டோ கடைசியாக ஸ்டான்லி கோப்பையை வென்றபோது வலைமுன் மாறி மாறி நின்றவர்கள் இருவர்: 42 வயது பவர், 37 வயது சாச்சக். பவருக்கு அன்றும் முகக்கவசம் கிடையாது. அதற்குப் பிறகு இந்த ஊருக்குக் கோப்பை வரவேயில்லை.

இதே கட்டிடத்தின் மேல்தளத்தில் இன்றும் ஒரு பனித்தளம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர் டேவிட் ஐயர்ஸ். பனித்தளத்தைச் செப்பனிடும் வண்டியையும் ஓட்டியவர். 2004-இல் தாயின் சிறுநீரகத்தைப் பெற்று உயிர் பிழைத்தவர். உள்ளூர் அணிகளின் பயிற்சிக்கு வலைமுன் நிற்பார். ஆட்டத்தின்போது இரு அணிகளில் எதற்காவது இரண்டு கோல்கீப்பர்களும் காயம்பட்டால் இறங்குவதற்கென்று ஒருவர் அரங்கில் இருக்க வேண்டும் என்பது அப்போதைய லீக் விதி. 2020 பிப்ரவரி 22 அன்று அந்த இடத்தில் இருந்தவர் 42 வயது ஐயர்ஸ். கரோலினா அணியின் இருவரும் அடுத்தடுத்து வெளியேற, இவரை அழைத்தார்கள். தான் அன்றாடம் பழகும் டொராண்டோ அணிக்கு எதிராகவே நிற்க வேண்டிய நிலை. முதலில் வந்த இரண்டு பக்கும் உள்ளே போயின. அடுத்து வந்த எட்டையும் தடுத்தார். கரோலினா 6-3 என்று வென்றது. அவர் பிடித்த மட்டை இப்போது ஹால் ஆஃப் ஃபேமுக்குச் சொந்தம்.

இதைத் தற்செயல் என்று கடந்து போகிறவர்கள் அந்த இரண்டு கோல்களுக்கும் மூன்றாவது பக்குக்கும் நடுவே இருந்த நிமிடங்களை நினைத்துப் பார்ப்பதில்லை. அரங்கு நிறைய ஆட்கள். அணித் தோழர்களுக்கு இவர் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. அந்த நிலையில் மறுபடி குனிந்து நின்றதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

மாலையில் ஸ்கார்பரோ. தம்பி வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். அவன் மகனுக்குப் பதினொரு வயது, சிறுவர் அணியில் கோல்கீப்பர். பயிற்சிக்குக் கிளம்பும் முன் அவன் கவசம் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எப்போதும் இடது காலில்தான் முதலில் பேடு கட்டுகிறான். ஸ்கேட் நுனியில் கயிற்றை இறுக்கி, முழங்கால் பட்டையை மட்டும் தளர்வாக விடுகிறான். மண்டியிடும்போது பேடு தானாகத் திரும்பிப் பனியில் படிய வேண்டுமாம்.

“பெரியப்பா, முகத்துக்கு ஒன்றுமே போடாமல் நின்றார்கள் என்று அப்பா சொல்கிறார். உண்மையா?”

“உண்மைதான். உன் தாத்தா வயதில் இருந்தவர்கள் நின்றிருக்கிறார்கள்.”

“அவர்கள் அம்மா எப்படி விட்டார்கள்?”

கவசத்தின் கம்பியைத் தாழ்த்திக்கொண்டு அவன் எழுந்துவிட்டான். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் தம்பி மனைவி, “கேட்டீர்களா அத்தான், அவனுக்கே தெரிகிறது” என்றார்.

புதன், ஹாமில்டன்

ரயிலில் ஒருமணி நேரத்துக்குச் சற்று அதிகம். இரும்பு ஆலைகளின் ஊர். பார்ட்டன் தெருவில் நடந்தேன். இங்கேதான் எமில் கெனஸ்கி என்ற சேணம் தைப்பவர் கடை வைத்திருந்தார்.

நம்மவர்களுக்கு நெருக்கமான செய்தி ஒன்று: ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பர் காலில் முதலில் ஏறியது கிரிக்கெட் பேடு. 1896 பிப்ரவரி 14 அன்று வினிபெக் விக்டோரியாஸ் அணியின் ஜார்ஜ் மெரிட், ஸ்டான்லி கோப்பைக்கான ஆட்டத்துக்கு மான்ட்ரியலில் கிரிக்கெட் பேடு கட்டிக்கொண்டு இறங்கினார். 2-0 வெற்றி, கோப்பையும் வினிபெக்குக்குப் போனது. அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேல் அதுவே வழக்கமாக இருந்தது.

ஆனால் கிரிக்கெட் பேடு காலைச் சுற்றி வளைந்திருக்கும். தாழ்வாக வரும் பக் அதன் வளைவில் பட்டுச் சறுக்கி வலைக்குள்ளேயே போய்விடும். உள்ளூர் ஆட்டம் ஒன்றில் இதைக் கவனித்த கெனஸ்கிக்கு, குதிரைச் சேணத்தில் பழகிய கை சும்மா இருக்கவில்லை. தோலுக்குள் திணிப்பு வைத்து, முகப்பைத் தட்டையாக்கி, அகலத்தைப் பன்னிரண்டு அங்குலமாக்கினார். 1924-இல் ஹாமில்டன் டைகர்ஸ் கோல்கீப்பர் ஜேக் ஃபோர்ப்ஸ் அதை அணிந்தார். அந்தப் பருவத்தில் டைகர்ஸ் லீக்கின் முதலிடத்தைப் பிடித்தது. (கூடுதல் ஆட்டங்களுக்கு ஆளுக்கு 200 டாலர் கேட்டு ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, லீக் அவர்களை இடைநீக்கம் செய்தது. ஹாமில்டனின் என்.எச்.எல். கதை அத்தோடு முடிந்தது. அவர்கள் கேட்டது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.) கெனஸ்கியின் வடிவம் அறுபது ஆண்டுகள் நீடித்தது. தோல் பேடு நீரை உறிஞ்சும், ஆட்டத்தின் மூன்றாவது, கடைசிப் பகுதி வருவதற்குள் கனத்துப்போகும். அதைத் தூக்கிக்கொண்டுதான் சாச்சக்கும் ஹாலும் நின்றார்கள். 1980-களில் செயற்கை நுரை வந்த பிறகே அந்தப் பாரம் இறங்கியது. அகலத்தை 2005-இல் பதினொரு அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள்.

தெருவில் காற்று கன்னத்தை அறுத்தது. ஒரு போர்ச்சுகீசியக் கடையில் சூப் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

வியாழன், கிங்ஸ்டன்

மான்ட்ரியல் போகும் வழியில் இறங்கினேன். குவீன்ஸ் பல்கலைக்கழகம் ஏரிக்கரையில் இருக்கிறது. 1927-இல் இந்தப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணிக்கு கோல்கீப்பராக இருந்தவர் எலிசபெத் கிரஹாம். பற்களைக் காத்துக்கொள்ள, வாள்வீச்சுக்காரர்கள் அணியும் கம்பிவலை முகமூடியோடு ஆட்டத்தில் இறங்கினார். ஐஸ் ஹாக்கியில் முகக்கவசம் அணிந்ததாகப் பதிவான முதல் கோல்கீப்பர் அவர்தான்.

என்.எச்.எல்.-இல் முதலாமவர் மான்ட்ரியல் மரூன்ஸ் அணியின் க்ளின்ட் பெனடிக்ட். 1930-இல் ஹோவி மோரன்ஸ் அடித்த பக் முகத்தில் பட்டு எலும்பு முறிந்த பிறகு தோலால் ஆன கவசம் போட்டார். மூக்கை மூடிய பகுதி பார்வையை மறைத்ததால் சில ஆட்டங்களிலேயே கழற்றிவிட்டார். பெனடிக்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பழைய விதிப்படி கோல்கீப்பர் பக்கைத் தடுக்கக் கீழே விழக் கூடாது. விழுந்தால் தண்டனை. பெனடிக்ட் ‘தவறி’ விழுந்துகொண்டே இருந்தார், ஆட்டமெல்லாம் மண்டியிட்ட கோலத்தில் இருந்ததால் ‘பிரார்த்தனை பென்னி’ என்று பெயர் வாங்கினார். கடைசியில் 1918 ஜனவரியில் லீக் விதியை மாற்றியது. இன்று கோல்கீப்பர்கள் எல்லோரும் முழங்காலை மடக்கிச் சரிந்து தடுக்கும் பாணி அவர் பெற்றுத் தந்த அனுமதியில் நிற்கிறது.

கிரஹாமின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? மனோன் ரேயோம் 1992 செப்டம்பர் 23 அன்று டாம்பா பே அணிக்காக ஒரு முன்பருவ ஆட்டத்தில் இறங்கி, ஒன்பதில் ஏழைத் தடுத்ததையாவது பத்திரிகைகள் எழுதின. ஹால் ஆஃப் ஃபேமில் ஒரு பெண் கோல்கீப்பர் முதன்முறையாக இடம்பெற 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் கிம் சென்-பியேர்.

சனி, மான்ட்ரியல்

நேற்று முழுவதும் பனிப்புயல், வெளியே இறங்க முடியவில்லை. இன்று மெட்ரோவில் அட்வாட்டர் நிலையம். எதிரே பழைய ஃபோரம். 1924 முதல் 1996 வரை ஹாக்கி நடந்த இடம், இப்போது திரையரங்குகள். உள்ளே பழைய ஆடுகளத்தை நினைவூட்டும் தரையும் சில இருக்கைகளும் மிச்சம்.

1928 ஏப்ரல் 7. கோப்பை இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டம் இங்கே. நியூயார்க் ரேஞ்சர்ஸ் கோல்கீப்பர் லோர்ன் ஷபோவின் கண்ணில் பக் பட்டது. அக்காலத்தில் அணிக்கு ஒரே கோல்கீப்பர்தான். ஒட்டாவாவின் அலெக் கானல் பார்வையாளர் வரிசையிலேயே இருந்தார், ஆனால் அவரை இறக்க எதிரணி ஒப்பவில்லை. 44 வயதுப் பயிற்சியாளர் லெஸ்டர் பாட்ரிக், ஷபோவின் ஈரமான கவசத்தை மாட்டிக்கொண்டு தானே வலைமுன் வந்து நின்றார். ஒரே ஒரு கோல் விட்டார். கூடுதல் நேரத்தில் ஃப்ராங்க் பூஷே அடித்த கோலால் ரேஞ்சர்ஸ் 2-1 என்று வென்று, பின்னர் கோப்பையையும் எடுத்தது. இப்படியெல்லாம் நடந்தும், இரண்டாவது கோல்கீப்பர் கட்டாயம் தயாராக இருக்க வேண்டும் என்ற நிலை வந்தது 1960-களின் நடுவில்தான்.

ஆனால் இந்த ஊருக்கு நான் வந்தது மான்ட்ரியல் கனடியன்ஸ் அணியின் கோல்கீப்பர் ஜாக் பிளான்ட்டுக்காக. பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். ஏழைக் குடும்பம். முதல் மட்டையை அப்பா மரவேரில் செதுக்கிக் கொடுத்தார், உருளைக்கிழங்குச் சாக்கில் திணித்துப் பேடும் செய்து கொடுத்தார். அம்மா பின்னல் கற்றுக்கொடுத்தார், பெரிய ஆட்டக்காரரான பின்னும் தன் தொப்பியைத் தானே பின்னிக்கொள்வார். ஆஸ்துமா உண்டு. டொராண்டோவில் ராயல் யார்க் ஹோட்டலில் தங்கினால் மூச்சுத் திணறுகிறது என்று வேறு விடுதிக்குப் போய்விடுவார். வலையை விட்டு வெளியே வந்து பக்கைத் தன் ஆட்களுக்குக் கைமாற்றி விடுவதை வழக்கமாக்கியவரும் அவர்தான். தான் நினைத்ததைத்தான் செய்வார்.

பில் பர்ச்மோர் என்ற ஃபைபர்கிளாஸ் நிறுவன ஊழியர், பிளான்ட்டின் முகத்தில் அச்சு எடுத்துக் கவசம் செய்து கொடுத்திருந்தார். பயிற்சியில் அணியலாம், ஆட்டத்தில் கூடாது என்றார் பயிற்சியாளர் டோ பிளேக். பார்வை மறையும், துணிச்சல் போய்விடும் என்பது அவர் வாதம். 1959 நவம்பர் 1, நியூயார்க். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் ஆன்டி பாத்கேட் அடித்த பக் பிளான்ட்டின் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டு வந்தவர், கவசம் இல்லாமல் இறங்க மாட்டேன் என்றார். பிளேக்குக்கு வேறு வழியில்லை. மான்ட்ரியல் 3-1 என்று வென்றது, தொடர்ந்து வென்றுகொண்டே இருந்தது. காயம் ஆறிய பிறகும் அவர் கழற்றவில்லை. மார்ச் 8 அன்று மட்டும் பிளேக்கின் வற்புறுத்தலுக்காக டெட்ராய்டில் கவசமின்றி ஆடினார். அணி 0-3 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் கவசம் திரும்ப ஏறியது. அந்த வசந்தத்தில் பிளே-ஆஃபில் எட்டு ஆட்டம், எட்டு வெற்றி, தொடர்ந்து ஐந்தாவது கோப்பை.

கிரிக்கெட்டில் ஹெல்மெட் போட்டவர்களையும் 1970-களின் இறுதியில் இப்படித்தான் பேசினார்கள். வலியை வாங்குவதே வீரம் என்று அடுத்தவர் முகத்தை வைத்துப் பேசுவது எளிது. பிளான்ட்டை நான் மதிப்பது அவர் அடி வாங்கியதற்காக அல்ல, இனி வாங்க மாட்டேன் என்று சொன்னதற்காக. அதன்பிறகும் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் சிலர் பிடிவாதமாக இருந்தார்கள். என்.எச்.எல்.-இல் வெறும் முகத்தோடு கடைசியாக நின்றவர் பிட்ஸ்பர்க்கின் ஆன்டி பிரவுன், 1974 ஏப்ரலில்.

திரும்பும் வழியில், மெரிட் கிரிக்கெட் பேடு கட்டிய விக்டோரியா பனித்தளம் இருந்த இடத்துக்கும் போனேன். 1875 மார்ச் 3 அன்று பதிவான வரையில் உலகின் முதல் உள்ளரங்க ஐஸ் ஹாக்கி ஆட்டம் நடந்த இடம். கார் நிறுத்துமிடமாக இருக்கிறது.

திங்கள், சிக்கூட்டிமி

க்யூபெக் நகரிலிருந்து பஸ். சுமார் 200 கிலோமீட்டர், பெரும்பகுதி காடு. சாலையோரம் கடமான் எச்சரிக்கைப் பலகைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. சகெனே ஆற்றங்கரையில் ஊர்.

ஜார்ஜ் வெசினா இந்த ஊர்க்காரர், 1887-இல் பிறந்தவர். இளவயதில் வெகுகாலம் சாதாரண பூட்ஸோடுதான் வலைமுன் நின்றாராம், ஸ்கேட் பழகியது அதற்குப் பிறகு. 1910 பிப்ரவரியில் மான்ட்ரியல் கனடியன்ஸ் நட்பு ஆட்டத்துக்காக இங்கே வந்து உள்ளூர் அணியிடம் தோற்றது. அன்று எதிரே நின்ற கனடியன்ஸ் கோல்கீப்பர் ஜோசப் கட்டரினிச், இந்த இளைஞனைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தன் அணியிடம் சொன்னார். அது தன் இடத்தையே விட்டுக்கொடுப்பது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

அந்த டிசம்பரில் சேர்ந்த வெசினா, பதினைந்து ஆண்டுகள் ஒரு ஆட்டத்தையும் தவறவிடவில்லை. 1916-லும் 1924-லும் கோப்பை. 1916-இல் கோப்பை வென்ற சமயத்தில் பிறந்த மகனுக்கு மார்செல் ஸ்டான்லி என்று பெயரிட்டார். என்.எச்.எல். வரலாற்றில் கோல் விடாத முதல் ஆட்டம் அவருடையது, 1918 பிப்ரவரியில். பருவம் முடிந்ததும் ஊருக்கு வந்து தோல் பதனிடும் தொழிலைக் கவனிப்பார். எத்தனை நெருக்கடியிலும் முகம் மாறாதவர் என்பதால் ‘சிக்கூட்டிமி வெள்ளரி’ என்று பட்டப்பெயர்.

1925 நவம்பர் 28, மான்ட்ரியல். காய்ச்சலோடு பிட்ஸ்பர்க்குக்கு எதிராக இறங்கினார். உடம்பு மெலிந்திருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. முதல் பகுதி முடிந்ததும் வாயில் ரத்தம். காசநோய். அத்தோடு மைதானம் முடிந்தது. மனைவியோடு ஊர் திரும்பி, 1926 மார்ச் 27 அன்று இங்குள்ள மருத்துவமனையில் இறந்தார். வயது 39.

கனடியன்ஸ் உரிமையாளர்கள் மூவர் அவர் பெயரில் லீக்குக்கு ஒரு விருதை வழங்கினார்கள். மூவரில் ஒருவர் ஜோசப் கட்டரினிச். அந்த வெசினா விருதை முதல் மூன்று ஆண்டுகளும் வென்றவர் வெசினாவின் இடத்துக்கு வந்த ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வர்த். 1928-29 பருவத்தில் 44 ஆட்டங்களில் 22-இல் அவர் கோலே விடவில்லை. எதிரணி வலையை ஒட்டிய தாக்கும் பகுதியில் முன்னோக்கிப் பக்கைக் கொடுக்க அப்போது அனுமதி இல்லை, அடுத்த பருவம் அதை அனுமதித்ததும் கோல்கள் பெருகின. அந்தச் சாதனையை இன்றுவரை எவரும் நெருங்கவில்லை. 1982 முதல் விருதுக்குரியவரை அணி மேலாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஊரின் ஹாக்கி அரங்குக்கு வெசினாவின் பெயர்தான். ஜூனியர் அணியான சகெனேன்ஸ் இங்கேதான் ஆடுகிறது. இரவு ஆட்டம் இருக்கிறது. டிக்கெட் வாங்கிவிட்டேன். எந்த இடம் வேண்டும் என்று கவுன்டரில் கேட்டார்கள். வலைக்கு நேர் பின்னால் என்று சொன்னேன்.